சிக்குன்குனியா போய் மூன்று மாதம் ஆகிறது, மூட்டு வீக்கம் போகவில்லை

அம்மாவுக்கு 58 வயது, தேனி பக்கம். ஐப்பசி மழையில் சிக்குன்குனியா வந்தது, சமீபத்திய தொற்றைக் காட்டும் ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். காய்ச்சல் சில நாளில் இறங்கிவிட்டது, ஆனால் மூன்று மாதம் தாண்டியும் இரண்டு மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் கணுக்காலும் வீங்கியே இருக்கின்றன. காலையில் ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாது, காபி டம்ளர் கூடப் பிடிக்க வராது, அப்புறம் வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் இளகும்.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளில் சிஆர்பி 24, ஈஎஸ்ஆர் 52, இரண்டும் அதிகம். முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ஆர்ஏ ஃபேக்டர், ஆன்ட்டி சிசிபி இரண்டும் நெகட்டிவ். யூரிக் ஆசிட் சரியாக இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார்.

பாரசிட்டமால், நிலவேம்புக் குடிநீர், ஒத்தடம், பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று (சொந்தக்காரர்கள் சொன்ன தைலங்களை எழுதினால் இடம் போதாது). ஸ்டீராய்டு சாப்பிட்டவரை வீக்கம் வடிந்தது, நிறுத்தியதும் திரும்பிவிட்டது, நடுவில் சர்க்கரை 280க்குப் போய்ப் பயமுறுத்தியதுதான் மிச்சம்.

டாக்டர் சொன்னது இது: வைரஸ் ரத்தத்தில் ஒரு வாரம் போலத்தான் இருக்கும், அதை எதிர்க்க வந்த மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்புச் செல்கள் மூட்டுச் சவ்வில் அடங்காமல் ஐஎல்-6 மாதிரி, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களைச் சுரக்கின்றன, ஐஎல்-6 கல்லீரலைத் தூண்டுவதால்தான் சிஆர்பி ஏறுகிறது, ஆன்டிபயாடிக்குக்கு இதில் வேலையே இல்லை. அடுத்து மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கலாம் என்கிறார். அது எதிர்ப்புச் சக்தியையே அடக்குகிற மருந்து என்பதால் வீட்டில் தயக்கம்.

ஆன்ட்டி சிசிபி நெகட்டிவாக இருந்தும் மூன்று மாதத்துக்கு மேல் இப்படி வீக்கம் நீடித்தவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் தேவைப்பட்டதா, இல்லை அது இல்லாமலே அடங்கியதா?