பக்கிங்காம் கால்வாயில் படகு ஓட்டியவர்களைத் தெரியுமா?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் முதியவர்களின் படகு நினைவுகளைப் பதிவு செய்துகொண்டிருக்கிறோம்.

ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் ஓடும் பக்கிங்காம் கால்வாய் எங்கள் பக்கத்தில் பாலாற்றைக் கடக்கிறது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தார்கள் என்பதில் எல்லோரும் ஒரே குரல். ஆனால் மணல் மேடிட்ட ஆற்றை அவை எப்படிக் கடந்தன என்று கேட்டால் போதும், திண்ணையில் சண்டையே வந்துவிடுகிறது! கடலேற்றத்துக்குக் காத்திருந்தார்கள் என்கிறார் ஒருவர். சரக்கைப் பாதி இறக்கிவிட்டுத் தள்ளினார்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டுமே நடந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

உங்கள் குடும்பத்தில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தார்களா? பழைய சரக்குச் சீட்டு, படகு உரிமம், மதகுக் கதவுகளின் புகைப்படம் எது இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள்; அசல் உங்களிடமே இருக்கட்டும். மரக்காணம், பழவேற்காடு பக்கத்து நண்பர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

2008-இல் இதைத் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவித்தார்கள். படகைத்தான் இன்னும் காணோம்.