புதுப்பிப்பு: மங்கலான ஹெட்லைட், பல்பில் குறையில்லை

திண்டிவனம்–திருவண்ணாமலை சாலையில் லோ பீம் (ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளி) மங்கலாகத் தெரிகிறது, 100 வாட் பல்பு போடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கு நன்றி.

எலக்ட்ரீஷியன் இன்ஜினை ஓடவிட்டு மீட்டர் வைத்தார். பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு சாக்கெட்டில் 11.2தான்; வழியிலேயே மின்னழுத்தம் குறைந்ததால்தான் மங்கல். எர்த் வயரின் (பல்பிலிருந்து மின்சாரம் திரும்பும் வயர்) முனை பச்சை பூத்துக் கிடந்தது. அதைச் சுரண்டி, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து பல்புக்குத் தனி வயர் இழுத்தார் (ஃப்யூஸோடு, அதை விட்டுவிடாதீர்கள்). இப்போது 13.4. அதே 60/55 வாட் (ஹை பீம் 60, லோ பீம் 55) பல்பு, மஞ்சள் போய் வெள்ளையாக எரிகிறது.

அப்புறம் திசை. சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தினால், வலது விளக்கின் ஒளி விளக்கின் உயரத்துக்கும் மேலே ஏறியிருந்தது. அந்த உயரத்துக்கு 10 செ.மீ. கீழே இறக்கினோம். நேற்று இரவு எதிரே வந்த யாருமே லைட் அடித்துக் காட்டவில்லை. இடது ஓரத்தில் விளக்கில்லாமல் போன சைக்கிளும் முன்கூட்டியே தெரிந்தது.