வளவில் விழுந்த தூண் நிழல்

நகரத்தார் வழக்கமான பிள்ளையார் நோன்புக்கு இழை (மாவில் வைத்துச் சுடரேற்றும் நூல்திரி) எடுப்பதற்காக, கானாடுகாத்தான் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுக்குச் சில நாள்கள் முன்னதாகவே வந்திருந்தோம். 2023 டிசம்பர் 14 அதிகாலை மூன்று மணி அளவில், அப்பத்தாவுக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுக்க எழுந்த நான், மேகம் விலகி வானம் துலங்கியிருப்பதைக் கண்டு, வளவின் (வீட்டின் நடுவே வானம் பார்க்கத் திறந்த முற்றம்) வடபுறத்தில் ஒரு தூணோரமாக அமர்ந்தேன். அமாவாசை கழிந்த இரவு என்பதால் நிலவொளி சிறிதும் இல்லை.

முதலில் என் கண்ணில் பட்டது நிழல்தான். அதுவரை இருளில் புலப்படாதிருந்த தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களின் பூ வேலைப்பாடு திடீரெனத் துலக்கமாகத் தெரிய, தூண்களின் நிழல்கள் வடகிழக்காகச் சாய்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டன. நிமிர்ந்தபோது, சிரியஸ் விண்மீனுக்குக் கீழே, பச்சை விளிம்பு கொண்ட வெண்ணிற நெருப்பு ஒன்று எதிர்ப்புற ஓட்டுக்கூரையை நோக்கி இறங்கி, இரண்டாகப் பிளந்து அணைந்தது. மொத்தமே இரண்டு விநாடிகள் இருக்கும். வெள்ளிக்கோளைவிடப் பிரகாசமாக எரியும் விண்கற்களைத் தீக்கோளம் என்பார்கள். நான்கு மணிக்குமேல் முகப்புக்கு வெளியே சென்று கிழக்கே எழுந்திருந்த வெள்ளியைப் பார்த்தபோது, நான் கண்டதன் முன் அது மிகவும் சிறியதாகத் தோன்றியது.

ஓசைக்காகவும் காத்திருந்தேன். இவை மிகுந்த உயரத்தில் எரிவதால், ஓசை எழுந்தாலும் தரையை அடையச் சில நிமிடங்கள் ஆகும். ஐந்து நிமிடம் கழிந்தும் எதுவும் கேட்கவில்லை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில், ஒளியைக் கண்டு சன்னலோரம் வந்து நின்றவர்கள் பின்னால் வந்த அதிர்வலையில் உடைந்த கண்ணாடியால் காயமுற்றார்கள். ஆகவே கண்ணைக் கூசவைக்கும் ஒளியைக் காண்பவர்கள் சன்னலை விட்டு விலகி நிற்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

சத்தமின்றி நான் நின்றிருந்ததைக் கவனித்த அப்பத்தா, விவரம் கேட்டதும், “விடிஞ்சதும் பச்சை மரத்தைப் பாரப்பா” என்றார். எரிநட்சத்திரம் பார்த்த கண்ணுக்கு அதுதான் பரிகாரமாம். தாமும் சிறுமியாக ஊருணிக்கரையில் ஒன்றைப் பார்த்ததாகவும், அன்று வேப்பமரத்தைப் பார்க்கச் சொன்னவர் தம் ஆயா (பாட்டி) என்றும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் இதை ஒருமுறைகூட அவர் சொல்லிக் கேட்டதில்லை. அந்த இரவு எனக்குத் தந்தவற்றில் இதையே பெரிதாக மதிக்கிறேன்.

அது மிதுன விண்கற்பொழிவு உச்சம் பெறும் காலம். 1983இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்னும் சிறுகோள் விட்டுச்சென்ற துகள்கள், விநாடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் நம் காற்றுமண்டலத்தில் நுழைந்து எரிகின்றன. அவை புறப்படுவதாகத் தோன்றும் இடம் நம் புனர்பூசத்துக்கு அருகில் உள்ளது. நான் கண்டதும் அங்கிருந்து வந்ததா என்பதை அறிய, தொடக்கத்தைப் பார்க்காத எனக்கு நிழல்தான் சாட்சி. நிழலின் நுனி முதலில் எந்தப் பூவில் விழுந்தது, எந்தப் பூவரை நீண்டது என்பதை மறப்பதற்குள் சாக்கட்டியால் குறித்துவைத்தேன். விடிந்ததும் தூணின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் அளந்து, காம்பஸ் வைத்துத் திசை பார்த்து, அந்த நெருப்பு வந்த பாதையை வரைந்து பின்னோக்கி நீட்டியதில், கோடு சிரியஸைக் கடந்து புனர்பூசத்தின் பக்கமே சென்றது. அந்தக் குறிகளை நோன்பு முடியும்வரை யாரும் அழிக்கக் கூடாது என்று அப்பத்தாவே சொல்லிவிட்டார்.