பலூன்ல ஏறினவங்க வாங்க: திக்குனு இருந்தது எந்த இடம்?

காட்பாடி ஜங்ஷன்:
துருக்கி, கப்படோக்கியா. சூரிய உதயம், போட்டோ எல்லாம் எல்லாரும் பார்த்ததுதான், விடுங்க. இறங்கற நேரத்தை மட்டும் சொல்றேன். பைலட் சைகை காட்டினதும் கூடை போற திசைக்கு முதுகு காட்டி நிக்கணும். முழங்காலை லேசா மடக்கி, உள்பக்கம் இருக்கற கயித்துப் பிடியை ரெண்டு கையாலயும் பிடிக்கணும். கூடை முதல் தடவை தரையில இடிச்சுது. இடிச்சதும் கூடைக்குள்ள பக்கத்துத் தடுப்புல நின்னவர், பயணம் முடிஞ்சதுன்னு நினைச்சு ஒரு காலைத் தூக்கி விளிம்பு மேல போட்டாரு! 80 கிலோ ஆள். அந்த நேரத்துல பலூனோட பாரமும் தூக்கற விசையும் கிட்டத்தட்ட சமமா நிக்குது. அவர் குதிச்சிருந்தா மிச்சப் பேரோட பலூன் விர்ருனு மேல ஏறும். கயித்தை இழுத்து உச்சி மூடியைத் திறந்தாலும் சூட்டுக் காத்து வெளியேற சில நொடி ஆகும். அந்தக் கால் இன்னும் கண்ணுலயே நிக்குது. பொள்ளாச்சி பலூன் திருவிழாவுல ஏறினவங்களுக்கும் புரியும், அதே சமாச்சாரம்தானே.

சத்துவாச்சாரி:
அதே சமாச்சாரம் இல்லீங்க ஜங்ஷன் சார். பொள்ளாச்சியில பொதுவா ஜனங்களை ஏத்தறது கயித்துல கட்டின பலூன். கட்டி வச்சா காத்து துணியில மோதும், பலூன் ஒரு பக்கமா சாயும், கூடை ஆடும். அவுத்து விட்ட பலூன் காத்தோட காத்தா போகுது. மணிக்கு 15 கிலோமீட்டர்ல போனாலும் முகத்துல காத்தே படாது. தோள்ல கிடந்த துப்பட்டா நுனி அசையல, கீழ நாய் குரைக்கறது தெளிவா கேட்குது. பர்னரை நிறுத்தினப்ப அந்த அமைதிதான் திக்குனு இருந்துச்சு. கயித்துல ஏறிட்டு "பலூன்னா ஆடும்பா"ன்னு ஊரெல்லாம் சொல்லாதீங்க.

வேலப்பாடி வாத்தியார்:
வேலூரில் ஏன் விடுவதில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,800 கன மீட்டர் பலூன், உள்ளே 100 டிகிரி செல்சியஸ். வெளியே 15 டிகிரி என்றால் ஒரு கன மீட்டர் சூடான காற்று சுமார் 280 கிராம் தூக்கும், மொத்தம் 780 கிலோ. வெளியே 35 என்றால் 200 கிராம்தான், மொத்தம் 560 கிலோ. துணி, கூடை, பர்னர், நிரப்பிய சிலிண்டர்கள் ஆகியவற்றுக்கே ஏறத்தாழ 400 கிலோ போய்விடும். மீதி 160-ல் பைலட்டும் ஒருவரும் போகலாம். இன்னும் சூடாக்கலாமே என்பீர்கள். 120 டிகிரியை நெருங்கினால் நைலான் துணியின் ஆயுள் குறையும். நம் சித்திரை வெயிலில் பகல் பறப்பை மறந்துவிடுங்கள். எங்கேயும் விடியற்காலையில் ஏற்றுவதற்கு இது பாதிக் காரணம். மறுபாதி, வெயில் ஏறியதும் தரையிலிருந்து கிளம்பும் அனல் காற்றுச் சுழல்.

குடியாத்தம் பையன்:
தண்ணி இல்லாத பாலாறு இறங்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி கிடக்குதே வாத்தியாரே.

வேலப்பாடி வாத்தியார்:
ஆற்றைத் தாண்டும் மின்கம்பியைப் பார்த்தீர்களா? மேலிருந்து கம்பி தெரியாது, கம்பத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். தாண்ட முடியாது என்று தெரிந்தால் பைலட் மேலே ஏற முயலக் கூடாது. கேஸை மூடிவிட்டு வேகமாக இறக்க வேண்டும். கம்பி துணியில் பட்டால் பிழைக்க வழி உண்டு, கூடையிலோ சிலிண்டரிலோ படக் கூடாது.

ஆம்பூர் தோல்:
நம்ம ஊர் ஆளுங்க கண்ணு முதல்ல கூடை விளிம்புக்குத்தான் போகும். பிரம்புப் பின்னல், மேல் விளிம்புல மெத்தை வச்சுத் தோல் தச்சது, அடியில தரையில உரசற இடத்துல முரட்டுத் தோல். பிளாஸ்டிக்ல செஞ்சா என்னன்னு நினைச்சேன். பிரம்பு வளைஞ்சு குடுத்து இடியை வாங்கிக்குது, விறைப்பான பொருள்னா அந்த இடி நம்ம காலுக்கு வரும். இன்னொண்ணு, பர்னர்ல ரெண்டு விதம். சாதாரணமா எரியறது காது கிழியற சத்தம். மாடு மேயற இடத்துக்கு மேல போறப்ப சத்தம் கம்மியான இன்னொரு வால்வைத் திறப்பாங்க, ஜ்வாலை மஞ்சளா இருக்கும். மாடு மிரண்டா விவசாயி சும்மா விடுவாரா?

பேர்ணாம்பட்டு அக்கா:
தம்பிங்களா, போகப் போறவங்களுக்கு உபயோகமா ஒண்ணும் காணோமே. கூடைக்குப் பொதுவா கதவு கிடையாது. நெஞ்சு உயரச் சுவர்ல கால் வைக்க ஓட்டை இருக்கும், அதுல ஏறித்தான் தாண்டணும். புடவை சரிப்படாது, சுடிதார்னாலும் துப்பட்டாவை முடிஞ்சுக்கோங்க. நைலான் துணி வேணாம், பருத்தி போடுங்க. கால் குளிரும், உச்சந்தலை வேகும், அதனால தொப்பி அவசியம். மேல பாத்ரூம் இல்ல, காபியை இறங்கினப்புறம் குடிங்க. கர்ப்பிணிங்க, புதுசா ஆபரேஷன் ஆனவங்க, முட்டி வலிக்காரங்க வேணாம், இறங்கறப்ப இடி நேரா முட்டியிலதான். முக்கியமானது, ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலைப் பறப்புக்கே பதிவு பண்ணுங்க, கடைசி நாளுக்கு வைக்காதீங்க. காத்து சரியில்லன்னா ரத்து. கப்படோக்கியாவுல அதைக் கம்பெனி முடிவு பண்றதில்ல, அந்த நாட்டு விமானத் துறை பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கொடி காட்டுது. சின்ன ஹீலியம் பலூனை விட்டு அது எந்தப் பக்கம் போகுதுன்னு பைலட் பார்த்துக்கிட்டு நிப்பாரு, அப்ப "எப்ப கிளம்பும்"னு நச்சரிக்காதீங்க. பயண இன்சூரன்ஸ்ல பலூன் சேர்த்தியான்னு படிச்சுப் பாருங்க, சாகச விளையாட்டுன்னு தள்ளிடுவாங்க.

குடியாத்தம் பையன்:
அக்கா, யாரும் கேட்கலையே. ஜங்ஷன் அண்ணா, அந்தக் கால் தூக்கின ஆளு என்ன ஆனாரு?

காட்பாடி ஜங்ஷன்:
பைலட் ஒரு கையில கயிறு, இன்னொரு கையால அவர் சட்டைக் காலரைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டாரு. கூடை இன்னும் ரெண்டு தடவை குதிச்சு, பக்கவாட்டா சாய்ஞ்சு, திராட்சைத் தோட்டத்து ஓரமா கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போய் நின்னுது. துணி முழுசா படுத்தப்புறம்தான் ஒவ்வொருத்தரா வெளிய விட்டாரு. அவரை மட்டும் கடைசியா.