ஸ்பிரிங்பேங்க் வடிசாலையில் "இரண்டரை முறை" வடிப்பது எப்படி?

கேள்வி:
ஸ்காட்லாந்தின் கேம்பல்டவுனில் 1828 முதல் உள்ள ஸ்பிரிங்பேங்க் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) விஸ்கி வடிசாலையைப் பற்றிப் படித்துவருகிறேன். அங்கே இரண்டரை முறை வடிப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டு முறை, மூன்று முறை என்றால் புரிகிறது. அரை முறை வடிப்பது எப்படி? பழைய கருவிகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நண்பரே, அங்கே மூன்று செம்பு வாலைகள் (வடிகலங்கள்) உள்ளன. சித்த மருத்துவர்கள் திராவகம் இறக்கும் வாலையின் தத்துவமேதான், அளவுதான் மிகப் பெரிது. நொதித்த ஊறலை முதல் வாலையில் காய்ச்சினால் வீரியம் குறைந்த சாராயம் கிடைக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்துவிட்டு, மீதியை இரண்டாம் வாலையில் மறுபடி வடித்து, அப்படி வடித்த நான்கு பங்கோடு ஒதுக்கிவைத்த வகையில் ஒரு பங்கைக் கலந்து மூன்றாம் வாலையில் ஊற்றுகிறார்கள். ஆகவே இறுதியில் இறங்குவதில் பெரும்பகுதி மூன்று முறை வடிந்தது, சிறுபகுதி இரண்டே முறை வடிந்தது. "இரண்டரை" என்பது இந்தக் கலவைக்கு வழங்கும் பெயர். துல்லியமான கணக்கு அன்று. இதே வாலைகளில் அந்த ஆலையின் வேறு விஸ்கி வகைகளான லாங்ரோவை இரண்டு முறையும் ஹேசல்பர்னை மூன்று முறையும் வடிக்கிறார்கள்.

மறுமொழி 2:
கருவிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் வாலையின் அடியில் நேரடியாகத் தீ எரிகிறது. ஊறலின் கசடு அடிப்பிடித்துக் கருகாதிருக்க, உள்ளே ஒரு செம்புச் சங்கிலி சுழன்று அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். வாலைகளில் ஒன்றுக்கு, குளிர்நீர்த் தொட்டிக்குள் சுருண்டு இறங்கும் பழைய செம்புக் குழாய்தான் ஆவியைக் குளிர்விக்கிறது; சுவையின் கனத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

எனினும் நான் மிகவும் மதிப்பது முளைகட்டும் தளத்தைத்தான். ஊறவைத்த பார்லியைத் தரையில் பரப்பி, களத்தில் நெல்லைக் கிளறுவதுபோல் ஆட்கள் இரவும் பகலும் புரட்டிவிடுகிறார்கள். விட்டுவிட்டால் சூடேறி, வேர்கள் பின்னிப் பாயாகிவிடும். பின்னர் அதை உலர்த்த, ஸ்பிரிங்பேங்குக்கு 6 மணி நேரம் பீட் (சதுப்புநிலக் கரி) புகையும் 24 மணி நேரம் வெப்பக்காற்றும். லாங்ரோவுக்கு 48 மணி நேரமும் புகைதான். தமக்கு வேண்டிய மால்ட் முழுவதையும் தாமே தயாரிக்கும் வடிசாலைகள் ஸ்காட்லாந்தில் மிக அரிது.

மறுமொழி 3:
வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1837இல் மிட்செல் குடும்பத்தின் கைக்கு வந்த ஆலை நெடுங்காலம் அந்த வழியினரிடமே இருந்தது. ஒருகாலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வடிசாலைகள் இருந்த அவ்வூரில், அமெரிக்க மதுவிலக்கும் பொருளாதார மந்தமும் தாக்கியபின், 1930களின் நடுவில் ஸ்பிரிங்பேங்கும் கிளென் ஸ்கோஷியாவும் மட்டுமே எஞ்சின. 1925இல் மூடப்பட்ட கிளென்கைல் வடிசாலையை, ஸ்பிரிங்பேங்க் உரிமையாளர்களே வாங்கிச் சீரமைத்து 2004இல் மீண்டும் இயக்கினார்கள். அதற்கான மால்ட்டும் ஸ்பிரிங்பேங்கின் தளத்திலிருந்தே போகிறது.