மறுமொழி: மீனும் கலவை நஞ்சும் – ஒரு சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம்.

கன உலோகமும் பூச்சிக்கொல்லியும் நீரில் கலந்து மீனைத் தாக்குவதை எந்தத் தமிழ்ச் சொற்களால் எழுதுவது என்று இந்த இழையில் பேசி வருகிறோம். சூழல் நச்சியல் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, இழை இன்னும் உலோகமா, அதற்கான தனித்தமிழ்ச் சொல்லான மாழையா என்பதிலேயே நிற்கிறது. மாழை நல்ல சொல்தான். ஆனால் பள்ளியிலேயே 'கன உலோகம்' படித்துவிட்டு வருகிறவரிடம் வன்மாழை என்றால், காட்மியத்தையும் ஈயத்தையும்தான் சொல்கிறோம் என்று விளக்கவே தனிப் பத்தி வேண்டும். இதை இத்தோடு விடுவோம். பூச்சிக்கொல்லிக்குப் பதில் பீடைகொல்லி என்றது சரி, களைக்கொல்லியும் பூஞ்சைக்கொல்லியும் அதில் அடங்கிவிடுகின்றன.

எனக்கு உறுத்துவது, நஞ்சுகள் சேர்ந்து தரும் விளைவுக்கெல்லாம் பொதுவாக இழையில் சொன்ன 'கூட்டு நச்சுவிளைவு'. காட்மியம் செவுளில் கால்சியம் உள்ளே போகும் வழியைப் பிடித்துக்கொள்கிறது, குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி நரம்பில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகிறது. 96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் செறிவு ஒவ்வொன்றுக்கும் உண்டு. இரண்டிலும் அந்தச் செறிவில் சரிபாதி எடுத்து ஒரே தொட்டியில் கலந்தால், பாதி மீன்கள் செத்தால் அது வெறும் கூட்டல். ஏறக்குறைய எல்லாமே செத்தால் ஒன்றை ஒன்று தூக்கிவிட்டிருக்கிறது. நாலைந்துதான் செத்தன என்றால் ஒன்றை ஒன்று மட்டுப்படுத்தியிருக்கிறது. இந்த மூன்றையும் 'கூட்டு' என்றே எழுதினால் மாணவர் அட்டவணையை எப்படிப் படிப்பார்?

ஒன்றை ஒன்று தூக்கிவிடும் விளைவுக்கு உறழ்நச்சு என்ற முன்மொழிவை ஆசையோடுதான் படித்தேன். உறழ்தல் என்றால் பெருக்கல், உரையாசிரியர்களிடம் ஆட்சி உண்டு, எல்லாம் சரி. ஆனால் உறழ்தலுக்கு மாறுபடுதல், எதிர்த்தல் என்ற பொருளும் இருக்கிறதே! இலக்கணத்தில் உறழ்ச்சி என்றால் கல்குறிது, கற்குறிது என இரண்டு விதமாகவும் வருவது. நாம் பிரித்துக் காட்ட வேண்டிய இரண்டு எதிரெதிர் விளைவுகளையும் ஒரே வேர் சுமக்கிறது, அதனாலேயே இந்த இடத்துக்கு அது ஆகாது. இழையில் வந்த இன்னொரு சொல்லான ஒருங்கியக்கம் என்பதில் நஞ்சின் வேகம் கூடியதா குறைந்ததா என்ற குறிப்பே இல்லை.

என் கருத்து: பொதுப்பெயர் கலவை நச்சுவினை. அதன் கீழே, மேலே சொன்ன மூன்றுக்கும் அதே வரிசையில் கூட்டல்வினை, மிகைவினை, தணிப்புவினை. மிகைவினை தட்டையாக இருக்கிறது என்று இழையில் அண்ணன் ஒருவர் நேற்றே எழுதிவிட்டார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் படித்தவுடன் புரிகிறது. நாலைந்து பேர் ஏற்றிருக்கிறீர்கள், அதனால் பாடத்தில் இதையே போடுகிறேன். உறழ்நச்சை விட மனமில்லாதவர்கள், எதிர்ப்பொருள் சிக்கலுக்கு விடை இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.