2007-இல் எழுதிய சிம்பியன் கோட் கையில் கிடைத்தது: ஏன் இப்படி எழுதியிருக்கிறார்கள்?

கோட்லின்_மதி:
மூன்று வருடமாக ஆண்ட்ராய்டில் வேலை செய்கிறேன். எங்கள் மாமாவின் பழைய ஹார்டு டிஸ்கில், சிம்பியன் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடிய நோக்கியா என்95 போனுக்காக அவர் எழுதிய செலவுக் கணக்கு ஆப்பின் சோர்ஸ் இருந்தது. சி++ தான், ஆனால் என்னால் படிக்க முடியவில்லை. சாதாரண ஸ்ட்ரிங் எங்குமே இல்லை. டிபஃப், ஹெச்பஃப்சி, டிடெஸ்சி என்று ஐந்தாறு வகை இருக்கிறது. மெமரி வாங்க நியூ போட்டதும் அடுத்த வரியில் கிளீனப்ஸ்டாக் புஷ்எல் வருகிறது. பாதி ஃபங்ஷன்களின் பெயர் 'எல்' என்று முடிகிறது. த்ரெட் (இணையாக ஓடும் வேலை) ஒன்றுகூட உருவாக்கவில்லை, ஆனால் நெட்வொர்க்கில் இருந்து டாலர் விலை வாங்குகிறது, திரையும் உறைவதில்லை. மாமாவைக் கேட்டால் "அதெல்லாம் மறந்துபோச்சும்மா" என்கிறார். தெரிந்தவர்கள் யாராவது விளக்க முடியுமா?

பழையவிண்டோஸ்:
சிம்பியன் டிசைனே மோசம், அதனால்தான் அழிந்தது. இதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

எஸ்60_குமரன்:
மேலே சொன்னதை நான் ஏற்கவில்லை. 2005 முதல் 2011 வரை நோக்கியாவின் சிம்பியன் தளமான எஸ்60-க்கு மட்டுமே எழுதியவன் நான். அந்த டிசைனில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது.

மதி, அது பிறந்த இடத்தைப் பாருங்கள். சிம்பியனுக்கு முன்னோடி சையான் நிறுவனத்தின் எபாக்32 இயங்குதளம். 1997-இல் வந்த சையான் சீரிஸ் 5 என்ற கையடக்கக் கணினியில் அது ஓடியது. மெமரி 4 அல்லது 8 எம்பி, இரண்டு ஏஏ பேட்டரி. அதை யாரும் தினமும் அணைத்துப் போடுவதில்லை. மாதக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஆப் நூறு பைட்டைத் திருப்பித் தர மறந்தால் அந்த நூறு பைட் போனது போனதுதான். அதனால் எந்த நியூவும் தோற்கலாம், தோற்றாலும் ஒரு பைட் சிந்தக்கூடாது என்பதை அடிப்படை விதியாக வைத்தார்கள்.

சி++ தரநிலை வந்ததே 1998-இல். கம்பைலர்களின் எக்ஸெப்ஷனை (பிழை வந்தால் வேலையை விட்டுத் தாவும் வசதியை) நம்ப முடியாத காலம், எனவே 'லீவ்' என்று சொந்தமாக ஒன்றைச் செய்தார்கள். லீவ் நடந்தால் கன்ட்ரோல் நேராக, பிழையைப் பிடிக்க ட்ராப் வைத்த இடத்துக்குத் தாவிவிடும். நடுவில் ஒரு லோக்கல் பாயின்டர் ஹீப்பில் (நியூ மெமரி வாங்கும் பகுதியில்) எதையாவது பிடித்திருந்தால் அதை விடுவிக்க ஆள் இல்லை. அந்தப் பாயின்டரை முன்கூட்டியே ஒப்படைத்து வைக்கும் இடம்தான் கிளீனப் ஸ்டாக். பெயர் 'எல்' என்று முடிந்தால், இந்த ஃபங்ஷன் லீவ் ஆகலாம், ஜாக்கிரதை என்று பொருள்.

எமுலேட்டரில் ஆப்பை மூடும்போது ஹீப்பை எண்ணிப் பார்க்கும். ஒரு செல் மிச்சம் இருந்தாலும் 'அலாக்' என்று ஒரு பேனிக் (ஆப்பை நிறுத்திவிடும் பிழை), கூடவே ஒரு முகவரி. அப்படி ஒரு முகவரியைத் துரத்தி இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால், நியூவுக்கும் புஷ்எல்லுக்கும் நடுவே நான் ஒரு வரி நுழைத்திருந்தேன், அந்த வரி லீவ் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த இரண்டு வரிகளை நான் பிரித்ததே இல்லை. உங்கள் மாமாவும் பிரித்திருக்க மாட்டார்.

டிபஃப் வகையறா சுலபம். நீளத்தையும் உச்ச அளவையும் கூடவே சுமக்கும். அளவு மீறினால் பக்கத்து மெமரியைக் கெடுக்காமல் 'யூசர் 11' என்று ஆப் அங்கேயே நிற்கும்.

இனி த்ரெட் விஷயம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஃபைல், விண்டோ, சாக்கெட் எல்லாம் தனித்தனி சர்வர் ப்ராசஸ்கள். உங்கள் ஆப் அவற்றின் கிளையன்ட். சாக்கெட் சர்வரிடம் வேலையைக் கொடுத்து, பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று செட்ஆக்டிவ் சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். செய்ய வேறு வேலை இல்லையென்றால் த்ரெட் தூங்கும், சிபியுவும் ஓய்வெடுக்கும், பேட்டரி மிச்சம். சர்வர் முடித்ததும் ஆக்டிவ் ஷெட்யூலர் எழுந்து, யாருடைய வேலை முடிந்தது என்று வரிசையாகப் பார்த்து, வேலையைக் கொடுத்த அந்த ஆப்ஜெக்டின் ரன்எல் ஃபங்ஷனைக் கூப்பிடும். ஒரே த்ரெட் என்பதால் லாக் தேவையில்லை. நீங்கள் மெயின் த்ரெட்டில் கோரூட்டின் (நடுவில் நின்று பிறகு தொடரும் ஃபங்ஷன்) ஓட்டும்போது நடப்பதும் இதற்கு ரொம்ப நெருக்கம். அதைக் கம்பைலர் எழுதித் தருகிறது, மாமா கையால் எழுதினார். அவ்வளவுதான்.

சரி, அப்புறம் எங்கே தவறியது? மெமரி வளர்ந்த பிறகும் விதி மாறவில்லை. என்95-இல் 64 எம்பி, அடுத்து வந்த 8ஜிபி மாடலில் 128 எம்பி. நாலு எம்பிக்காகச் செய்த சிக்கனத்தை, சின்னக் கணக்கு ஆப் எழுதுகிறவனும் கடைப்பிடிக்க வேண்டியிருந்தது. புதிதாக வந்தவர்கள் முதல் மாதமே களைத்துப்போவதைப் பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்திருக்கிறேன். அதோடு சிம்பியன் 9-இல் பழைய பைனரிகள் (கம்பைல் செய்த ஆப்கள்) எல்லாம் ஓடாமல் போயின, கேப்பபிலிட்டி என்ற அனுமதி முறையும் வந்தது. யோசனை நல்லது: ஒவ்வொரு ஆப்புக்கும் ப்ரைவேட் ஃபோல்டர், மற்றவர் எட்டிப் பார்க்க முடியாது. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்புக்கும் தனி லினக்ஸ் யூசர் ஐடி கொடுப்பதும் இதே நோக்கத்தில்தான். ஆனால் பின்னணியில் ஒரு கீயைப் பிடிக்கக்கூட ஸ்வ்ஈவென்ட் கேப்பபிலிட்டி வேண்டும், அதை நாமே கையெழுத்திட்டுத் தர முடியாது. ஐஎம்இஐ எண்ணோடு கட்டிய டெவலப்பர் சான்றிதழ் வாங்கித்தான் சொந்தப் போனிலேயே சோதிக்க முடிந்தது. வீட்டில் உட்கார்ந்து ஆசையாக எழுதுகிறவனை விரட்டியது இதுதான் என்பது என் எண்ணம். க்யூடி என்ற ஆப் எழுதும் கருவித்தொகுப்பு வந்து எழுதுவது எளிதான நேரத்தில், 2011 பிப்ரவரி 11 அன்று நோக்கியா விண்டோஸ் போன் பக்கம் போவதாக அறிவித்துவிட்டது.

கோட்லின்_மதி:
அண்ணா, மிக்க நன்றி. இப்போது கோட் புரிய ஆரம்பிக்கிறது. டாலர் விலை வாங்கும் கிளாஸில் மாமா ஒரு கமென்ட் வைத்திருக்கிறார்: "ரெண்டு தடவை அமுக்கினா 42". அது என்ன?

எஸ்60_குமரன்:
பேனிக் எண், தங்கச்சி. 'ஈ32யூசர்-சிபேஸ் 42'. முதல் கோரிக்கை முடியாமல் இருக்கும்போதே அதே ஆப்ஜெக்டில் மறுபடி செட்ஆக்டிவ் கூப்பிட்டால் வரும். யாரோ புதுப்பி மெனுவை இரண்டு முறை அழுத்தியிருக்கிறார்கள். அந்த ஃபங்ஷனின் தொடக்கத்தில் இஸ்ஆக்டிவ் என்று ஒரு சோதனை இருக்கிறதா பாருங்கள். இதே ஆள் செட்ஆக்டிவை மறந்திருந்தால் 46 வந்திருக்கும்.

கோட்லின்_மதி:
இருக்கிறது! கமென்டுக்கு அடுத்த வரியிலேயே, இஸ்ஆக்டிவ் என்றால் ரிட்டர்ன். மாமாவிடம் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். "ஆமாம்மா, உங்க அத்தைதான் அமுக்கிக்கிட்டே இருப்பாங்க" என்றார்.